கதிரைக் காட்டுகிறோம், கடவுளைக் காட்டுவீரா?

"அணுவிலிருந்து கதிர் கிளம்புகிறது என்கிறீர்களே, அதைக் கண்ணால் கண்டதுண்டா? காதால் கேட்டதுண்டா? கையால் தொட்டதுண்டா? இல்லை! ஆயினும் உண்டு என்று நம்புகிறீர்கள். அப்படியிருக்க, ஆண்டவனை மட்டும் காட்டினால்தான் ஏற்போம் என்று அடம் பிடிப்பது எந்த ஊர்ப் பகுத்தறிவு?"

ஆத்திக மேடைகளில் அடிக்கடி முழங்கும் வாதம் இது. கேட்டுவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்து நிற்கிறார் பிரசங்கியார். முன்னொரு காலத்தில், "காற்றைக் காட்ட முடியுமா?" என்றார்கள். காற்றாடி சுழன்றது, கேள்வி கவிழ்ந்தது. பிறகு, "மின்சாரத்தைக் காட்ட முடியுமா?" என்றார்கள். விளக்கு எரிந்தது; வாதம் அணைந்தது. இன்று அதே வாதம் அணுக்கதிர் என்னும் புத்தாடை உடுத்திப் புறப்பட்டிருக்கிறது. ஆடைதான் புதிது, உள்ளே இருப்பது பழைய ஆள்!

தோழர்களே! இந்தக் கேள்விக்கு நம் இளைஞர் பலர் நூலறிவால் விடை சொல்கிறார்கள், மேற்கோள் காட்டுகிறார்கள், நோபல் பரிசு பெற்றவர்களின் பெயர்களை அடுக்குகிறார்கள். வேண்டாம் அந்த வேலை! பெயரைச் சொல்லிப் பணிய வைப்பது புரோகிதரின் முறை. அது நமக்கு எதற்கு? நம்முடைய விடை நான்கே சொற்கள்: "வாருங்கள், உட்காருங்கள், விளக்கை அணையுங்கள், பாருங்கள்!"

ஏனெனில், அந்தக் கேள்வியிலேயே ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. கதிரைக் காட்ட முடியாது என்பதே அந்தப் பொய். காட்ட முடியும்! கண்ணாடிப் பெட்டி ஒன்றும், கம்பளித் துணி ஒன்றும், கைவிளக்கு ஒன்றும் கொண்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கும்படி காட்ட முடியும்.

முகில் கற்பித்த பாடம்

ஸ்காட்லாந்து நாட்டில் ஆடு வளர்த்து வாழ்ந்த உழவர் குடியில் பிறந்தவர் சி. டி. ஆர். வில்சன். 1894-ஆம் ஆண்டு பென் நெவிசு மலையுச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் சில வாரங்கள் தங்கினார். முகிலின் மேல் கதிரவன் ஒளி பட்டபோது தோன்றிய வண்ண வளையங்களைக் கண்டு வியந்தார். நம் நாட்டில் அத்தகைய காட்சி தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அங்கே ஒரு கோயில் எழும்பியிருக்கும், தலபுராணம் பிறந்திருக்கும், உண்டியல் வைக்கப்பட்டிருக்கும். வில்சன் உண்டியல் வைக்கவில்லை. "இந்த முகிலை ஒரு கண்ணாடிக் கூட்டில் நானே உண்டாக்கிப் பார்ப்பேன்" என்று புறப்பட்டார். கேம்பிரிட்சு ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1911-இல், அணுத்துகள் ஓடிய தடம் வெண்கோடாக அவர் கண்ணெதிரே விரிந்தது. 1927-இல் நோபல் பரிசில் ஒரு பங்கு அவரைத் தேடி வந்தது.

அந்தக் கருவிக்கு முகில் அறை என்று பெயர். அதனுடைய எளிய வகை ஒன்றை 1930-களின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் லாங்சுடார்ப் என்பவர் வகுத்தார். அதைத்தான் இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் தம் கையாலேயே செய்கிறார்கள்.

செய்முறை கேளுங்கள். தெளிந்த கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதன் மேற்புறத்தின் உட்பக்கத்தில் தடித்த கம்பளித் துணி. அதில் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலை ஊற வைக்க வேண்டும். அடியில் கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தகடு; தகட்டின் கீழே உலர் பனிக்கட்டி. அது சுழியத்துக்குக் கீழே 78 டிகிரி குளிர். இடைவெளிகளை அடைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் ஆல்ககால் ஆவி, தகட்டருகே கடுங்குளிரில் சிக்குகிறது. துளியாக மாறத் துடிக்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளப் பிடிப்பு இல்லை. அப்போது ஓர் அணுத்துகள் பாய்ந்து செல்கிறது. வழியில் உள்ள காற்றணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து அயனிகளாக்குகிறது. அந்த அயனிகளைப் பற்றிக்கொண்டு ஆவி துளியாகிறது. துகள் போய்விடுகிறது, அது போன பாதை வெண்கோடாக நிற்கிறது!

உலர் பனிக்கட்டியை வெறுங்கையால் தொடக்கூடாது. அறையில் காற்றோட்டம் வேண்டும். ஆல்ககாலின் அருகே தீ கூடாது. இந்த மூன்று கட்டளைகளுக்கும் காரணம் சொல்லலாம். தொட்டால் கை கருகும். காற்று இல்லையேல் மூச்சு முட்டும். தீ பட்டால் எரியும். காரணம் சொல்லக்கூடிய கட்டளைகள்தாம் அறிவியலில் உண்டு!

என்ன தெரியும் அந்தப் பெட்டியில்? குட்டையாய், தடித்ததாய் ஒரு கோடு: அது ஆல்ஃபாத் துகள். மெலிந்து, வளைந்து, நெளிந்து ஓடும் கோடு: அது எலெக்ட்ரான். நூல் பிடித்தாற்போல் நேராக நெடிது ஓடும் கோடு: அது பெரும்பாலும் மியூவான், விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் உயரத்தில் மோதியதால் பிறந்து, நம் கூரையைத் துளைத்து, நம் தலையைத் துளைத்துச் செல்வது. கடல் மட்டத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. விரித்த உள்ளங்கையில் நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அர்ச்சனைச் சீட்டு வாங்கியவன் கையிலும் விழுகிறது. வாங்காதவன் கையிலும் விழுகிறது!

"துளிதானே தெரிகிறது, துகள் எங்கே?"

எதிர்த்தரப்பார் இதற்கும் ஒரு மறுப்பு வைத்திருப்பார்கள். "நீங்கள் காட்டுவது ஆல்ககால் துளிகளைத்தானே? துகளை நேரில் காட்டவில்லையே! துளியைக் கண்டு துகளை ஊகிப்பது போல, உலகைக் கண்டு உலகநாதனை ஊகிக்கிறோம் நாங்கள்" என்பார்கள்.

நல்ல கேள்வி. நேர்மையாக விடை சொல்வோம். ஆம், ஊகம்தான். ஆனால் ஊகத்தில் இருவகை உண்டு: தேர்வு எழுத வரும் ஊகம் ஒன்று, தேர்வு என்றாலே ஓடி ஒளியும் ஊகம் மற்றொன்று.

துகள் என்னும் ஊகம் தேர்வு எழுதுகிறது. மின்னேற்றம் உடைய துகள் என்றால் காந்தப் புலத்தில் வளைய வேண்டும், வளைகிறது. நேர்மின் ஒரு பக்கமும் எதிர்மின் மறுபக்கமும் வளைய வேண்டும், அப்படியே வளைகின்றன. 1932-இல் கார்ல் ஆண்டர்சன் தம் முகில் அறையின் நடுவே ஈயத் தகடு ஒன்றை வைத்து, எலெக்ட்ரானைப் போன்றதாய், ஆனால் எதிர்ப்புறம் வளைவதாய் ஒரு தடத்தைப் படம் பிடித்தார். அதுதான் பாசிட்ரான். பால் டிராக் என்பார் தாளில் எழுதிய சமன்பாடு அத்தகைய துகள் ஒன்று உண்டு என்று முன்பே சொல்லியிருந்தது. சொன்னது வந்தது! வராமல் போயிருந்தால்? கணக்கைக் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

உலகநாதன் என்னும் ஊகமோ? மழை பெய்தால் அவன் அருள். பொய்த்தால் அவன் சோதனை. பிள்ளை பிழைத்தால் அவன் கருணை. இறந்தால் அவன் திருவிளையாடல். எது நடந்தாலும் தோற்காத வாதம் எதையும் விளக்காத வாதம். தோற்கும் துணிவு உள்ளதுதான் அறிவியல். அந்தத் துணிவு இல்லாததற்குத்தான் 'நம்பிக்கை' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்!

இன்னொரு வேறுபாடு. முகில் அறையின் முன் உட்கார நீராட வேண்டியதில்லை, நோன்பிருக்க வேண்டியதில்லை, குலம், கோத்திரம் சொல்ல வேண்டியதில்லை. நம்பாதவன் கண்ணுக்கும் கோடு தெரியும். இங்கே கருவறைக்கும் வெளிப்பிரகாரத்துக்கும் வேறுபாடு இல்லை; எல்லாரும் பெட்டியைச் சுற்றி நிற்கலாம்.

சாணி கட்டிய கோட்டை

இது வெறும் மேடை வாதமாக இருந்தால், பட்டிமன்றத்தோடு விட்டுவிடலாம். ஆனால் கதிரைக் காணாத நாட்டில் கயவர் கடை விரிக்கிறார்கள். ஆள்வோரே அதற்குப் பந்தல் போடுகிறார்கள்.

2020 அக்டோபரில், ஒன்றிய அரசு அமைத்த ராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் தலைவர் செய்தியாளரைக் கூட்டி, பசுஞ்சாணத்தால் ஆன ஒரு வில்லையை எடுத்துக் காட்டினார். கைப்பேசியோடு வைத்துக்கொண்டால் அதன் கதிர்வீச்சைக் குறைத்துவிடுமாம்! ஆதாரம் என்ன என்று நூற்றுக்கணக்கான அறிவியலாளர் கேட்டார்கள். அடுத்த ஆண்டே, மாணவர்க்கும் மக்களுக்கும் நாடு தழுவிய 'பசு அறிவியல்' தேர்வு என்று அறிவித்தது அதே ஆயோக். எதிர்ப்புக்குப் பிறகே அது தள்ளிப் போனது. 2022-இல் குசராத்தில் ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பில், சாணம் மெழுகிய வீட்டை அணுக்கதிர் தீண்டாது என்று அறிவியல் மெய்ப்பித்துவிட்டதாகவே எழுதப்பட்டது. மேடையில் பேசியதல்ல தோழர்களே, தீர்ப்பில்!

இதை எப்படி மறுப்பது? கூச்சலிட்டா? வேண்டாம். வகுப்பறையில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் கைப்பேசி. அதிலிருந்து வருவது வானொலி அலையின் இனம். அணுவைப் பிளந்து அயனியாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. முகில் அறையின் அருகே கைப்பேசியை வையுங்கள். அது ஒரு கோடும் வரையாது. பிறகு ஓர் எளிய கேள்வி: வில்லை அந்த அலையைத் தடுக்கிறது என்றால் அழைப்பு எப்படி வருகிறது? அலையை உண்மையிலேயே தடுக்க வேண்டுமா? கைப்பேசியை அலுமினியத் தாளில் இடைவெளியின்றி இறுகச் சுற்றுங்கள்; பெரும்பாலும் அழைப்பே வராது. தடுத்தால் பேச முடியாது. பேச முடிந்தால் தடுக்கவில்லை. வில்லை வாங்கியவர் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்!

அடுத்து அணுக்கதிர். ஆல்ஃபாத் துகளைச் சாணம் தடுக்குமா? தடுக்கும்! வாழையிலையும் தடுக்கும், பஞ்சாங்கத்தின் ஒரு தாளும் தடுக்கும். ஆல்ஃபாவைத் தடுக்க ஒரு தாளே போதும். காமாக் கதிரைச் சாணம் தடுக்குமா? அதற்கு வேண்டியது தடித்த ஈயமும் பருத்த கான்கிரீட்டுச் சுவரும். சுவரில் மெழுகிய மெல்லிய சாணப் பூச்சு என்ன செய்யும்? அதே கனத்தில் பூசிய களிமண் செய்வதற்கு மேல் எதுவும் செய்யாது. புனிதம் என்பது பொருளின் அடர்த்தியைக் கூட்டுவதில்லை!

மந்திரத்துக்கும் ஒரு தேர்வு வைப்போம். உழவர் வீட்டில் கிடக்கும் பொட்டாஷ் உரம் ஒரு கைப்பிடி எடுங்கள். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 31 அணுக்கள் சிதைகின்றன. கைகர் எண்ணியை அதன்மேல் வைத்தால் டிக், டிக் என்னும் ஓசை மிகும். எண்ணியின் விலை இன்று ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்குள்தான். பத்து நிமிடம் எண்ணுங்கள். மந்திரம் ஓதிப் பத்து நிமிடம் எண்ணுங்கள். விபூதி தூவிப் பத்து நிமிடம் எண்ணுங்கள். ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். எண்ணிக்கை இயல்பாகவே சற்று ஏறும், இறங்கும். ஆகவே பலமுறை எண்ணிச் சராசரி காணுங்கள். மாணவன் தானே கண்டுகொள்வான்: அணு எந்த மந்திரத்துக்கும் செவி சாய்ப்பதில்லை!

அந்தப் பொட்டாசியம் நம் உடம்பிலும் இருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டாசிய அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. தலையில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்பவர் உடம்பிலும், காலில் பிறந்ததாகச் சொல்லப்பட்டவர் உடம்பிலும் சிதைவது ஒரே அணுதான். சிதையும் விதியும் ஒன்றுதான். எந்தக் கைகர் எண்ணியும் இதுவரை சாதி கேட்டதில்லை.

புளியங்கொட்டை போதும்

"உலர் பனிக்கட்டி எங்கள் ஊரில் கிடைக்காது, கைகர் எண்ணிக்குப் பணம் இல்லை" என்பாரும் உண்டு. அவர்களுக்கும் வழி உண்டு. நூறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து வெளுக்கச் செய்யுங்கள். தாயம் ஆடிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீசுங்கள், வெள்ளை விழுந்தவற்றை நீக்குங்கள், எஞ்சியதை எண்ணுங்கள், மீண்டும் வீசுங்கள். நூறு ஏறத்தாழ ஐம்பதாகும், ஐம்பது இருபத்தைந்தாகும், அது பன்னிரண்டாகும். கரும்பலகையில் அந்த வளைகோட்டை வரையுங்கள். அதுதான் அரை ஆயுள்! ஒரு வீச்சுக்கு ரேடான் எடுத்துக்கொள்வது 3.8 நாள், ரேடியம் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 1,600 ஆண்டு.

இதில் ஒரு நீதி இருக்கிறது. அடுத்த வீச்சில் எந்தக் கொட்டை வெளியேறும்? எந்த அறிவியலாளராலும் சொல்ல இயலாது. இயலாது என்று அவரே ஒப்புக்கொள்வார். எத்தனை வெளியேறும்? அதை மட்டும் ஏறத்தாழச் சரியாகச் சொல்வார். சோழி உருட்டும் சோதிடரோ நேர்மாறு. 'உன் மகளுக்குத் தை மாதம் திருமணம்' என்று தனியொருத்தியின் விதியைத் துல்லியமாகச் சொல்வார். தாம் சொன்னவற்றில் எத்தனை பலித்தன என்ற கணக்கை மட்டும் காட்டவே மாட்டார்!

பூட்டிய அலமாரியும் பூசிய குங்குமமும்

நம் பள்ளிகளில் ஆய்வுக்கூடம் இல்லாமலா போயிற்று? பலவற்றில் இருக்கிறது, அலமாரியில், பூட்டுக்குள்! நான் பணிபுரிந்த பள்ளி ஒன்றில், ஆண்டுக்கொரு முறை ஆயுத பூசையன்று நுண்ணோக்கிக்கு வெளிச்சம் வரும். சந்தனம் இடுவார்கள், குங்குமம் வைப்பார்கள், பொரியும் கடலையும் படைப்பார்கள், மறுநாள் மீண்டும் பூட்டுவார்கள். அந்த நுண்ணோக்கியைக் கும்பிட்ட பிள்ளைகள் பலர். அதன் வழியே ஒரு வெங்காயத் தோலைப் பார்த்த பிள்ளைகள் சிலரே. பார்ப்பதற்காகச் செய்த கருவியைப் படைப்பதற்காக வைத்திருக்கும் நாடு இது!

"நீ வரலாறு படித்துக் கலைப் பட்டம் பெற்றவன், அணுவைப் பற்றிப் பேச உனக்கென்ன உரிமை?" என்று கேட்டவர் உண்டு. அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்வி. என் பாட்டனாரிடம் வேறொரு சொல்லில் கேட்கப்பட்டது அது. "நீ எந்தக் குலம்? ஓத உனக்கென்ன உரிமை?" என்று. அறிவை ஒரு கூட்டத்தின் சொத்தாக்கும் எண்ணம், பூணூலோடு வந்தாலும் பட்டத்தோடு வந்தாலும் ஒன்றுதான்.

அறிவு ஒரு சிலரிடம் மட்டும் இருந்தால் என்ன நேரும்? வரலாறு சொல்கிறது. அமெரிக்காவில் நியூ செர்சி மாநிலத்தில், 1917 முதல், கடிகார முகப்பில் ரேடிய வண்ணம் தீட்டும் வேலைக்கு இளம்பெண்களை அமர்த்தினார்கள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். தீங்கில்லை என்றார்கள். அதே தொழிலகத்தின் வேதியியலாரோ ஈயத் தடுப்பும் இடுக்கியும் கொண்டு வேலை செய்தார்கள்! கற்றவனுக்கு ஈயக் கவசம். கல்லாதவளுக்கு நாவில் நஞ்சு. தாடை எலும்பு அரித்துப் பெண்கள் மாண்டார்கள். கிரேசு பிரையர் முதலிய ஐந்து பெண்கள் 1927-இல் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு நிறுவனம் இழப்பீடு தந்து வழக்கை முடித்துக்கொண்டது. அதே காலத்தில், ரேடியம் கலந்த தண்ணீரைச் சஞ்சீவி என்று புட்டியில் அடைத்து விற்றார்கள். புட்டி புட்டியாகக் குடித்த செல்வர் எபன் பையர்சு 1932-இல் இறந்தார். அறிவியலின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், ஆராயாமல் விழுங்கினால் அதுவும் மூடநம்பிக்கைதான், அதுவும் கொல்லும்!

அளவுகோல் மக்கள் கையில்

இது நமக்குத் தொலைவான கதையன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டு இருக்கிறது. அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட மிகுதி. ஊர்வலத்திலும் பொதுக்கூட்டத்திலும் நம் முன்னோர்க்கு ஒளி தந்த பெட்ரோமாக்சு விளக்கின் மேண்டிலிலும் அந்தத் தோரியம்தான் இருந்தது. கல்பாக்கத்தில் 1980-கள் முதல் அணுமின் நிலையம் இயங்குகிறது. கூடங்குளத்தை எதிர்த்து 2011-இல் இடிந்தகரை மீனவ மக்கள் திரண்டபோது, ஆயிரக்கணக்கானோர் மீது அரசத் துரோக வழக்குப் பாய்ந்தது. "அஞ்சாதீர், எங்களை நம்புங்கள்" என்றது ஒரு குரல். "அஞ்சுங்கள், எங்களை நம்புங்கள்" என்றது மற்றொரு குரல். இருவரும் கேட்டது நம்பிக்கையை! "இதோ எண்ணி, உங்கள் மணலை, உங்கள் மீனை, உங்கள் முற்றத்தை நீங்களே அளந்து பாருங்கள்" என்று கருவியைக் கையில் கொடுத்த குரல் எங்கே? வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் வாதிடட்டும். அளக்கத் தெரிந்த மக்களின் முன் நின்று வாதிடட்டும்!

நம்மால் முடியுமா என்று தயங்குவோர் உதகமண்டலத்தைப் பார்க்கட்டும். அங்கேயுள்ள கிரேப்சு-3 ஆய்வகம், நாம் முகில் அறையில் காணும் அதே மியூவான்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் முதல் நாள், ஓர் இடிமுகில் கடந்தபோது எண்ணிக்கை குறைந்தது. அந்தக் குறைவைக் கொண்டே முகிலின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு, 2019-இல் வெளியிட்டார்கள். இந்திரனின் வச்சிராயுதம் என்றார்களே, அதற்கு நம் நீலகிரியில் எடை போட்டுவிட்டார்கள்! வங்கத்துப் பெண்மணி பிபா சவுத்திரியை எண்ணிப் பாருங்கள். டி. எம். போசுடன் சேர்ந்து, தார்சிலிங் மலையில் ஒளிப்படத் தகடுகளை வைத்து, விண்கதிர்த் துகள்களின் தடம் தேடியவர். போரால் நல்ல தகடு கிடைக்காத 1940-களிலேயே அவர்தம் முடிவுகள் 'நேச்சர்' இதழில் வந்தன. நம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51-அ பிரிவு, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் உறங்கும் அந்த வரியை வகுப்பறையில் எழுப்புவது நம் வேலை.

ஆகவே தோழர்களே! ஒவ்வொரு பகுத்தறிவு மன்றமும் இந்த ஆண்டு முகில் அறை ஒன்றைச் செய்யட்டும். படிப்பகத்தின் மேசையில் வையுங்கள். திருவிழாக் கூட்டத்தில் சாமி புறப்படும் தெருவுக்கு அடுத்த தெருவில் வையுங்கள். பள்ளி ஆசிரியரிடம் சென்று, அலமாரிச் சாவியை அன்போடு கேளுங்கள். பிரசங்கியார் வந்தால் அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுங்கள். அவர் கண்ணெதிரே கோடு ஓடட்டும். "கதிரைக் காட்ட முடியுமா என்றீர்கள், காட்டிவிட்டோம். இனி உங்கள் முறை!" என்று பணிவோடு சொல்லுங்கள்.

அவர் விடை சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஊருக்குப் பெட்டியைத் தூக்குங்கள்!